காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று வரி: தினமும் நன்றி எழுதிப் பழகுவது எப்படி?

இந்தப் பழக்கம் எனக்குத் தேவைப்பட்டது தூக்கத்துக்காக. தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போய்த் திரும்பி, மாமனாருக்கு வேண்டியதைச் செய்துவிட்டுப் படுத்தால், அன்றைக்குப் பட்ட எரிச்சலெல்லாம் கண்ணை மூடியதும் வரிசை கட்டும். ஆபீஸில் கேட்ட சுடுசொல், ஷேர் ஆட்டோவில் சில்லறைச் சண்டை, வராத தண்ணீர் லாரி. இப்போது படுத்தால் தூக்கம் வருகிறது. எப்படிப் பழகினேன் என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என்ன வேண்டும்

ஆப் வேண்டவே வேண்டாம். போனைக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப் கூப்பிடும், அரை மணி நேரம் போய்விடும். அழகான டைரியும் வேண்டாம். அதில் எழுத உட்கார்ந்தால் வார்த்தையும் அழகாக இருக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

நான் சொல்வது சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர். மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ கொடுத்திருப்பார்கள். தேதி அச்சாகியே இருக்கிறது. இடம் சின்னது, வளவளவென்று எழுத முடியாது. தாள் கிழிக்கிற வேலை எப்படியும் தினமும் நடக்கிறது. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில காலண்டரில் அங்கேயும் ஏதாவது அச்சடித்திருப்பார்கள். ஜெல் பேனா அந்த மெல்லிய தாளில் ஊறிவிடும், பால் பாயின்ட் பேனாதான் சரி. அதை நூலில் கட்டி அதே ஆணியில் தொங்கவிடுங்கள். பேனாவைத் தேட வேண்டியிருந்தால் அன்றைக்கு எழுத மாட்டீர்கள். எழுதிய தாள்களைச் சேர்க்க, கடைகளில் பில் குத்தி வைப்பார்களே, அந்தக் கம்பி போதும்.

முதல் வேலை

பாத்திரம் கழுவி முடித்ததும் அன்றைய தாளைக் கிழித்து, அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

எல்லோரும் நிற்கிற இடம்

சில நாளில் ஒரு சிக்கல் வரும். "பிள்ளைங்க, உடம்பு, வேலை." மறுநாளும் "பிள்ளைங்க, உடம்பு, வேலை." கை எழுதும், மனசு அசையாது. பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இங்கேதான். எனக்கும் இங்கேதான் ரொம்ப நாள் இழுத்தது.

இதற்கு வழி, பொதுவாக எழுதுவதை நிறுத்துவது. ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆள் இருக்க வேண்டும், அவர் செய்த ஒரு காரியம் இருக்க வேண்டும், அதை ஏன் செய்தார் என்பதும் இருக்க வேண்டும்.

என் தாளிலிருந்தே காட்டுகிறேன். "தண்ணி கிடைச்சது" என்று எழுதினால் அதில் ஒன்றுமில்லை. அதையே இப்படி எழுதினேன்: "லாரி வந்தப்ப நான் மாமாவுக்கு மாத்திரை கொடுத்துட்டு இருந்தேன். எதிர்வீட்டு அக்கா எங்க குடத்தையும் வரிசையில வெச்சு, புடிச்சு, மாடிப்படி மேல ஏத்தி வெச்சிருந்தாங்க. நான் கீழ வர முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும்." அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போதுதான், இந்தத் தெருவில் என்னை ஒருத்தர் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்கு உறைத்தது.

இன்னொன்று, காசிமேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொடுவா வாங்கி, மீன் வெட்டிக் கொடுக்கிற அக்காவிடம் கொடுத்தேன். பின்னால் அத்தனை கூட்டம். "வூட்ல பெருசு கீதா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அரிவாள்மனையில் வைத்த துண்டைத் திருப்பி, நடுமுள்ளை எடுத்துவிட்டு, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துத்தான் பையில் போட்டார். அதற்கென்று ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை. "மீன் நல்லா இருந்தது" என்று எழுதியிருந்தால் அந்த விரல் தாளில் வந்திருக்காது.

"ஏன்" என்ற கேள்வி நானாகச் சேர்த்ததில்லை. உளவியல் ஆய்வாளர் மார்ட்டின் செலிக்மனும் அவர் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவு மூன்று நல்ல விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் மகிழ்ச்சி கூடியிருந்தது. வாரம் முடிந்த பிறகும் தாமாகவே எழுதிவந்தவர்களுக்குப் பலன் நன்றாகத் தெரிந்தது.

"ஏன்" என்பதற்குப் பதில் தோன்றாத நாளில், அது நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதுங்கள். அக்கா குடத்தை வைக்காவிட்டால்? அன்று மாமாவைக் குளிப்பாட்டியிருக்க முடியாது. அவ்வளவுதான், வரி முடிந்தது.

வாரம் ஒருமுறை, வாயைத் திறந்து சொல்லுங்கள்

கம்பியிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதில் இருக்கிறவரிடமே சொல்லுங்கள். கூச்சமாக இருக்கும். அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது: நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று கூடுதலாக நினைத்தார்கள், அவருக்குக் கிடைக்கப்போகும் சந்தோஷத்தைக் குறைத்து மதிப்பிட்டார்கள். நம் வீடுகளில் முறைப்படி நன்றி சொல்லி நின்றால் நாடகம் போலத் தெரியும். செய்த காரியத்தைச் சொன்னாலே போதும். "யக்கா, அன்னிக்கு நீங்க குடத்த ஏத்தி வெச்சதாலதான் எனக்கு வேலை நடந்துச்சு." அந்த அக்கா "போம்மா, இதெல்லாம் ஒரு பேச்சா" என்றார். ஆனால் அன்றிலிருந்து லாரி வந்தால் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் ஸ்பேனருக்கும் வெல்டிங் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சோறு போடுகிற பொருளைக் கழுவித் துடைத்துக் கும்பிடுகிற நாள் அது. ஆளே கிடைக்காத நாளில் ஒரு பொருளுக்கு எழுதுங்கள், தப்பில்லை.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

"எங்க வீட்ல அப்பா விடியற்காலையிலேயே தாளைக் கிழிச்சிடறார்" என்றார் ஒருவர். நல்லதுதான். கிழித்த தாளை வாங்கி, காபி குடித்துக்கொண்டே முந்தைய நாளைப் பற்றி எழுதுங்கள். ராத்திரி தூங்கி வழிகிறவர்களுக்கு இதுதான் வசதி.

"நன்றி நன்றின்னு இருந்தா குறையைக் கேட்காம வாயை மூடிக்கணுமா?" எண்ணூரிலிருந்து வந்த கேள்வி, நியாயமான கேள்வி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்களே படகில் இறங்கிக் கையால் அள்ளினார்கள். அவர்களை நன்றியோடு நினைக்கிறவர்தான், இதைக் கொட்டியது யார், நஷ்டஈடு எங்கே என்றும் கேட்பார். லாரி வராவிட்டால் புகார் கொடுங்கள். குடம் தூக்கிய அக்காவைப் பற்றியும் எழுதுங்கள்.

வீட்டில் சாவு, கடன், அடி உதை என்று இருக்கிறவர்களை யாரும் நன்றி எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் மனசு எதிலும் ஒட்டாமல் கிடந்தால் அதற்கு இந்தத் தாள் மருந்தல்ல. 14416-க்குப் போன் செய்தால் அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

"தினமும் எழுதச் சலிப்பா இருக்கு" என்கிறவர்கள் வாரம் ஒருமுறைக்கு மாறிக்கொள்ளுங்கள். ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின் முதல் பகுதியில் மாணவர்கள் வாரத்துக்கு ஒருமுறைதான் எழுதினார்கள். எரிச்சல்களை எழுதிய குழுவைவிட, நன்றிக்குரியதை எழுதிய குழு தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தது. ஆனால் முதல் மாதம் மட்டும் தினமும் எழுதுங்கள் என்பேன். ஆள், காரியம், ஏன் மூன்றும் கைக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தாள் மட்டும் போதும். அது சிவப்பில் அச்சாகியிருக்கும், மறக்காது.