மீடியம் ஃபார்மட்ல போர்ட்ரெய்ட்டுக்கு டெலி லென்ஸ் வாங்கறப்ப பண்ற தப்புங்க

கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீடு, முன்ரூம் பத்துக்குப் பத்து தான் இருக்கும். ஆயுசு பூரா கொழுந்து பறிச்ச ஒரு பாட்டிய ஜன்னல் வெளிச்சத்துல இடுப்பு வரைக்கும் ஒரு படம் எடுக்கணும்னு போயிருந்தேன், கையில மாமியா 645, அதாவது சாதா 35 எம்எம் ஃபிலிம விட பெரிய ஃப்ரேம் (6×4.5 செ.மீ.) இருக்கற மீடியம் ஃபார்மட் கேமரா, அதுல 150 எம்எம் எஃப் 3.5 டெலி லென்ஸ், தள்ளி இருக்கறத கிட்ட இழுத்துக் காட்டற வகை. பாட்டி சுவத்த ஒட்டி உக்காந்தா பின்னாடி காலண்டரும் ஸ்விட்ச் போர்டும் பளிச்சுனு தெரியுது, சரின்னு மூணடி முன்னாடி வந்து உக்காரச் சொன்னா நான் பின்னாடி போக இடமே இல்ல, முதுகு பீரோவுல முட்டுது. "கண்ணு, நான் வேணா வாசல்ல உக்காந்துக்கட்டுமா"ன்னு கேட்டாங்க, வெளிய மழை கொட்டுது.

வீட்டுக்கு வந்து டேப் எடுத்து கணக்குப் போட்டுப் பாத்தேன். 645 ஃப்ரேம நிமிர்த்தி வெச்சு மூணடி உயரம் உள்ள வரணும்னா 150-க்கு கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் வேணும், அந்த ரூமே மூணு மீட்டர் தான். அதே படத்துக்கு 110 எம்எம் எஃப் 2.8-னா ஒண்ணே முக்கா ரெண்டு மீட்டர் போதும், 80-னா ஒன்றரை மீட்டருக்குள்ள முடிஞ்சிரும். என்கிட்ட யாராவது லென்ஸ் பத்தி கேட்டா நான் முதல்ல திருப்பிக் கேக்கறது இதத்தான், நீங்க எடுக்கப்போற முகத்துக்கும் கேமராவுக்கும் நடுவுல எத்தன அடி இருக்கும்? அது தெரிஞ்சா பாதி முடிவு ஆயிருச்சு. பெரும்பாலானவங்க இத கடைசில தான் யோசிக்கறாங்க, சில பேரு யோசிக்கறதே இல்ல.

அடுத்து இந்த நம்பர் குழப்பம். 35 எம்எம் கேமராவுல 85 தான் போர்ட்ரெய்ட் லென்ஸ்னு எல்லாரும் சொல்லி சொல்லி மனசுல பதிஞ்சிருச்சு, அதே ஞாபகத்துல ஹாசல்பிளாட் 500 வாங்கிட்டு அதுல இருக்கற 80 எம்எம் போதும்னு நினைச்சிக்கறாங்க. 6×6ல (6×6 செ.மீ. சதுர ஃப்ரேம்ல) 80ங்கறது நார்மல் லென்ஸ், விரிச்சும் காட்டாது இழுத்தும் காட்டாது, 35 எம்எம் கணக்குல 45 மாதிரி. அங்க 85-க்கு ஈடு 150 எம்எம். 6×7ல, அதாவது ஆர்பி67, பென்டாக்ஸ் 67 மாதிரி கேமராவுல 165லருந்து 180. 645ல 135, 150. ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் மாதிரி 44×33 சென்சார் டிஜிட்டல்ல 110 போட்டாலே 87 மாதிரி ஆயிரும். மீடியம் ஃபார்மட்னு பேரு ஒண்ணு தான், உள்ள அளவு நாலஞ்சு இருக்கு, அதனால ஒருத்தர் 150 நல்லாருக்குன்னு சொன்னா எந்த ஃப்ரேமுக்குன்னு கேக்காம வாங்காதீங்க. 6×7க்கு 150ங்கறது 75 மாதிரி தான், ஜிஎஃப்எக்ஸ்ல அதே 150 ஒரு 120 மாதிரி நீண்டுரும்.

இன்னொரு நம்பிக்கை, டெலி லென்ஸ் போட்டா முகம் அழகா வரும்ங்கறது. முகத்தோட அமைப்ப மாத்தறது தூரம் தான். அரை மீட்டர்ல நின்னா மூக்கு முன்னாடி வந்து காது பின்னாடி ஓடிரும், ஒன்றரை ரெண்டு மீட்டர்ல நின்னா மூக்கும் காதும் அது அது இடத்துல உக்காரும், அது எந்த லென்ஸா இருந்தாலும் சரி. லென்ஸோட வேலை அந்த தூரத்துல இருந்து எவ்வளவ ஃப்ரேமுக்குள்ள எடுத்துக்கறதுங்கறது மட்டும். ஊட்டியிலயே எச்பிஎஃப் (இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்) ஃபேக்டரில இந்து ஃபிலிம் தயாரான காலத்துல சின்ன ஸ்டுடியோக்கள்ல யாஷிகா மேட் மாதிரி கழட்ட முடியாத 80 எம்எம் லென்ஸ் கேமராவ வெச்சுக்கிட்டே நல்ல போர்ட்ரெய்ட் எடுக்க முடிஞ்சதுன்னா அது இதனால தான், தள்ளி நின்னு எடுத்து பிரிண்ட் போடறப்ப வேணுங்கறத மட்டும் பெருசாக்கிக்கலாம். மீடியம் ஃபார்மட்ல போடற 120 ஃபிலிமோட நெகட்டிவ் அவ்வளவு பெருசு, வெட்டினாலும் தாங்கும். காசு இல்லாதவங்க 80வ வெச்சிட்டு முதல்ல இப்படி எடுத்துப் பாருங்க, எத்தன படத்துல வெட்ட வேண்டி வருதுன்னு பாத்துட்டு அப்பறம் டெலி வாங்கலாம்.

கிட்ட எவ்வளவு போக முடியும்னு பாக்காம வாங்கறதும் தப்பு தான். மாமியா 645ல 150 எம்எம் எஃப் 3.5 ஒன்றரை மீட்டருக்கு கிட்ட ஃபோகஸ் ஆகாது, ஹாசல்பிளாட் 150 எஃப் 4 சோனார் 1.4 மீட்டர். அந்த தூரத்துல தலையும் தோளும் ஃப்ரேம் நிறைய வரும், ஆனா வயசானவங்க முகத்துல ஒவ்வொரு சுருக்கமும் தெரியற மாதிரி முகம் மட்டும் வேணும்னா வராது. அதுக்கு லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல மாட்டற எக்ஸ்டென்ஷன் டியூப் ஒண்ணு கூட வாங்கணும், பட்ஜெட்ல அதையும் சேத்துக்கோங்க. ஆர்பி67, ஆர்இசட்67ல அந்த தொல்லை குறைவு, லென்ஸ முன்னாடி தள்ளற மடிப்பு மடிப்பான பெல்லோஸ் இருக்கறதால நல்லா கிட்ட போகலாம், ஆனா பெல்லோஸ் நீளறப்ப வெளிச்சம் குறையும். முகம் மட்டும் ஃப்ரேம் நிறைய எடுத்தா வெளிச்சத்த முக்கா ஸ்டாப் வரைக்கும் கூட்டி வெக்கணும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). கேமரா பக்கவாட்டுல அதுக்கு ஸ்கேல் இருக்கு, ஸ்லைட் ஃபிலிம் போடறவங்க அத பாக்காம விட்டா படம் இருட்டா தான் வரும்.

அபர்ச்சர் நம்பர், அதாவது லென்ஸ் எவ்வளவு திறக்கும்னு சொல்ற எஃப் நம்பர் (நம்பர் சின்னதா இருந்தா திறப்பு பெருசு), அது மேல இருக்கற ஆசை பத்தி கொஞ்சம் சொல்லணும். 6×6ல 150 எம்எம் எஃப் 4ங்கறது பின்னாடி மங்கற விஷயத்துல 35 எம்எம்ல 85 எஃப் 2.2 போட்ட மாதிரி. ஒன்றரை மீட்டர்ல எஃப் 4லயே முழுசா ஷார்ப்பா கிடைக்கற ஆழம் மூணரை சென்டிமீட்டர் அளவுக்கு தான் வரும். கண்ணுல ஃபோகஸ் வெச்சா காது போயிரும், முகம் கொஞ்சம் திரும்பியிருந்தா அந்தப் பக்க கண்ணும் போயிரும். இடுப்பு உயரத்துல கேமராவ வெச்சு மேல இருந்து பாக்கற வேய்ஸ்ட் லெவல் ஃபைண்டர்ல குனிஞ்சு பாத்துட்டு இருக்கறப்ப அவங்க மூச்சு விட்டு ஒரு விரக்கட அசைஞ்சாலே ஃபோகஸ் போச்சு. நான் பெரும்பாலும் எஃப் 5.6, எஃப் 8ல தான் எடுக்கறேன், அதனால எஃப் 2 லென்ஸுக்கு டபுள் காசு கொடுக்க எனக்கு மனசு வராது. ஆனா ஒரு நியாயம் இருக்கு, மலையில பனி இறங்கி நாலு மணிக்கே இருட்டிட்டு வர்றப்ப எஃப் 4.5 லென்ஸ்ல ஃபோகஸிங் ஸ்க்ரீன் ரொம்ப மங்கலா இருக்கும், எஃப் 2.8ல கண்ணு தெளிவா பிடிபடும். அந்த ஒரு காரணத்துக்காக எஃப் 2.8 வாங்கறேன்னா வாங்குங்க.

ஷட்டர் எங்க இருக்குன்னு பாருங்க, ஃபிளாஷ் போடறவங்க முக்கியமா. ஹாசல்பிளாட் 500 சீரிஸ்ல ஷட்டர் லென்ஸுக்குள்ள, 1/500 வரைக்கும் எந்த ஸ்பீட்லயும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். பென்டாக்ஸ் 67ல ஷட்டர் பாடியில, ஃபிளாஷ் 1/30 தான், வெயில்ல ஃபிளாஷ் கலந்து எடுக்க அது பத்தாது, அதுக்குன்னே 165 எஃப் 4ல லீஃப் ஷட்டர் (லென்ஸுக்குள்ளயே இருக்கற ஷட்டர்) வெச்ச ஒரு லென்ஸ் விட்டிருக்காங்க. ஜிஎஃப்எக்ஸ் 1/125. ஹாசல்பிளாட்ல 110 எம்எம் எஃப் 2 பிளானார பாத்து மயங்கிறாதீங்க, லென்ஸ் அருமையான லென்ஸ் தான், ஆனா அதுக்குள்ள ஷட்டர் கிடையாது, 2000, 200 சீரிஸ் பாடிக்கு தான் ஆகும், உங்க 500 சி/எம்ல போட்டு படம் எடுக்க முடியாது.

இப்ப எங்க ஊருக்கே உரிய விஷயத்துக்கு வர்றேன், பூஞ்சை. இந்த லென்ஸ்கள்ல பாதிக்கு மேல இருபது முப்பது நாப்பது வருஷம் பழசு, எல்லாமே செகண்ட் ஹேண்ட். நான் ஒரு 150 எம்எம் லென்ஸ கீழ நாட்டுல, அதாவது சமவெளில, ஒருத்தர்கிட்ட வாங்கினேன், கிளீனா இருக்குன்னு சொன்னாரு, மேல இருந்து பாத்தா கிளீனா தான் இருந்துச்சு. குன்னூர் வந்து ராத்திரி அபர்ச்சர முழுசா திறந்து, பின்னாடி இருந்து டார்ச் அடிச்சு சாய்ச்சு பாத்தா நடு கண்ணாடியில சிலந்தி வல மாதிரி நூல் நூலா ஓடியிருக்கு. எனக்கு அழுகையே வந்துருச்சு, ரொம்ப நாள் சேத்து வெச்ச காசு அது. படத்துல உடனே தெரியாது, ஆனா பனியில, ஜன்னலுக்கு எதிர்வெளிச்சத்துல எடுத்தா எல்லாம் பால் ஊத்தின மாதிரி வெளுத்து வரும். பூஞ்சை முத்திப்போச்சுன்னா கோட்டிங்க அரிச்சிரும், அப்பறம் தொடச்சாலும் அந்தத் தடம் போகாது. அதனால வாங்கறதுக்கு முன்னாடி முன்பக்கம் பின்பக்கம் ரெண்டு பக்கமும் டார்ச் அடிச்சுப் பாருங்க, ஆன்லைன்ல வாங்கறதா இருந்தா டார்ச் அடிச்ச ஃபோட்டோ கேளுங்க, தர மாட்டேன்னா விட்டுருங்க.

நல்ல லென்ஸே வந்தாலும் இங்க வெக்கற விதத்துல கெட்டுப்போயிரும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் ஜூலைல துணியே காயாது, குன்னூர் கோத்தகிரிக்கு அக்டோபர் நவம்பர் மழை. இந்த ஈரத்துல தோல் கேஸுக்குள்ள லென்ஸ வெச்சு பீரோவுல பூட்டறது அதுக்கு சாப்பாடு போட்டு பூஞ்சை வளக்கற மாதிரி. ஈரத்த இழுத்து வெக்கற டிரை கேபினட் வாங்க முடிஞ்சா வாங்கி ஈரப்பதம் 40லருந்து 50 சதவீதத்துக்குள்ள வெச்சிருங்க, முடியலன்னா காத்து புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர். ஜெல் நிறம் மாறினா வாணலியில சின்னத் தீயில வறுத்து ஆறவெச்சு திரும்பப் போடலாம், ஆனா அந்த வாணலிய சமையலுக்கு எடுக்காதீங்க, புகை தங்காம ஜன்னலத் திறந்து வெச்சுக்கோங்க.

குளிரும் ஒண்ணு. ஜனவரியில உறைபனி விழற காலையில பழைய லீஃப் ஷட்டர்ல எண்ணெய் கெட்டியாகி 1/8, 1/15 எல்லாம் இழுத்துக்கிட்டு போகும். வாங்கறப்ப மெதுவான ஸ்பீட எல்லாம் அடிச்சு காதால கேட்டுப் பாருங்க, வெதுவெதுப்பான கடையில ஓடறது விடிகாலைல ஊட்டியில ஓடணும்னு இல்ல. வெளிய எடுத்துட்டு அடுப்பு எரியற வீட்டுக்குள்ள வந்தா லென்ஸ பைக்குள்ளயே மூடி அரை மணி நேரம் விடுங்க, உடனே எடுத்தா கண்ணாடி பூரா தண்ணி கோத்துக்கும், அந்தத் தண்ணி தான் பிற்பாடு பூஞ்சைக்கு ஆரம்பம்.

கடைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு வேல பண்ணுங்க. நீங்க வழக்கமா படம் எடுக்கற இடம், வீட்டு முன்ரூமோ, தேயிலைக்கு நடுவுல போற ஒத்தையடிப் பாதையோ, அங்க ஒருத்தர உக்கார வெச்சு டேப் பிடிச்சு அளந்துக்கோங்க. மீட்டர் கணக்க ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுட்டு, அந்த தூரத்துல ஒவ்வொரு லென்ஸும் எத்தன அடி உயரத்த காட்டும்னு பக்கத்துல எழுதுங்க. அந்த கோத்தகிரி பாட்டிய எடுக்க நான் மறுபடி போனப்ப 110 எம்எம் கொண்டு போயிருந்தேன், பீரோவுக்கும் எனக்கும் நடுவுல ட்ரைபாட் கால விரிக்க இடம் இருந்துச்சு.