தோய்ரா கத்துக்கிறவங்க பண்ற தப்புங்க (நான் ஒண்ணைக் கிழிச்ச கதையும் சேர்த்து)

போன வாரம் தாஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேல மெடிக்கல் படிக்கிற தம்பி ஒருத்தன் போட்டோ அனுப்பினான், புதுசா வாங்கின தோய்ராவ ஹாஸ்டல் ரேடியேட்டர் மேல சாய்ச்சு வெச்சிருக்கான், கீழ "அண்ணா, சூடாகுது"ன்னு ஒரு வரி. பாத்ததும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. உடனே போன் போட்டு, முதல்ல அதக் கீழ எடுடான்னு கத்தினேன்.

தோய்ராங்கிறது தாஜிக் கல்யாணத்துல, ஷஷ்மகோம்ங்கிற சாஸ்திரிய சங்கீதக் கச்சேரில எல்லாம் தாளத்துக்கு வாசிக்கிற வாத்தியம். ஒரு பக்கம் தோல், மரச் சட்டத்துக்கு உள்ள சுத்தி குட்டி குட்டி வளையம். எப்படிப் பிடிக்கிறது, மணிக்கட்டு ஏன் வலிக்குது, இதெல்லாம் சொல்லித் தர்ற உஸ்தோத்தே பாத்துப்பாரு.

சூடு

நான் ஊர்ல கொஞ்சம் கஞ்சிரா வாசிச்சவன். அதுல சுருதி இறங்கணும்னா உள்பக்கமா தண்ணி தடவுவோம். இங்க அப்படியே தலைகீழ், குளிருக்கும் ஈரத்துக்கும் தோல் தளர்ந்துடும், சூடு காட்டித்தான் ஏத்தணும். தளர்ந்துட்டா நடுவுல அடிக்கிற "பும்" தொப்புன்னு விழும், ஓரத்துல "பக்" வரவே வராது.

நான் கிழிச்ச கதை இதுதான். மறுநாள் கூடப் படிக்கிற பையனோட அக்கா கல்யாணம், வாசிக்கிறேன்னு வேற வாய் விட்டுட்டேன். சூடுதானே வேணும்னு ராத்திரி ரேடியேட்டர் மேல வெச்சுட்டுத் தூங்கிட்டேன். ரெண்டு மணி இருக்கும், டப்புனு ஒரு சத்தம். லைட்டப் போட்டா சட்டத்த ஒட்டினாப்ல நாலு விரல் நீளத்துக்குக் கிழிஞ்சிருக்கு. தோல் காயக் காய சுருங்கி இழுக்குது, ஓரத்துல சட்டத்தோட ஒட்டின இடம் விட்டுக் குடுக்காது, பாவம் அது எங்கதான் போகும். அந்த மாச மெஸ் காசு அதோட போச்சு. உஸ்தோத் திட்டவே இல்ல, கிழிஞ்ச ஓட்டை வழியா ஒத்தக் கண்ணால என்னப் பாத்தாரு, அவ்ளோதான். சூடு பண்ணுன்னு சொன்ன அத்தன பேர்ல ஒருத்தர் கூட எவ்ளோ நேரம்னு சொல்லலியேன்னு இன்னிக்கும் கடுப்பாகும், நானும்தான் கேக்கல.

அடுப்போ ஹீட்டரோ, ஒரு சாண் தள்ளிப் பிடிங்க. கை நிக்காம சுத்திக்கிட்டே இருக்கணும். நடுநடுவுல விரலால தட்டிப் பாருங்க, "பக்" தெளிவா வந்ததும் எடுத்துடுங்க, இன்னும் கொஞ்சம்னு ஆசப்படாதீங்க. கல்யாணத்துல பாட்டுக்குப் பாட்டு மறுபடி இறங்கும், மறுபடி காட்டிக்கலாம். வாசிச்சு முடிச்சதும் துணில சுத்தி, ரேடியேட்டருக்கு எதிர்ச் சுவர்ல மாட்டிடுங்க. ஹேர் ட்ரையர் வேண்டவே வேண்டாம், ஒரே இடத்துல அடிக்கும்.

ஃபலக்குக்குத் தாளம் போடறது

ஃபலக்னா வானம், விதின்னும் சொல்லலாம். குலாப், பதக்‌ஷான் மலைப்பக்கத்துப் பாட்டு, 2021ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. அதுல தஷ்தின்னு ஒரு வகை, தாளக்கட்டே கிடையாது, பாடறவரோட மூச்சுதான் அளவு. அந்த மலைப்பக்கத்து ஊரு கோரோக் போற ஷேர் டாக்சில பெரியவர் ஒருத்தர் தானா பாட ஆரம்பிச்சாரு, நான் ரசிக்கிறேன்னு முன் சீட்டுல தட்டினேன், பாட்ட நிறுத்திட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாரு. அடுத்த ரெண்டு மலை தாண்டியும் பாடல.

அவுஜ்ல கைய ஓங்கறது

ஷஷ்மகோம் பாட்டு கீழ ஆரம்பிச்சு படிப்படியா ஏறும், உச்சிக்குப் பேரு அவுஜ். அந்த இடத்துல நமக்கும் கை தன்னால ஓங்கும். அடக்குங்க. பாடறவரோட வரி அங்கதான் கேக்கணும். ஷஷ்மகோம் பாடகி பர்னோ இஸ்ஹகோவாவோட பழைய ரெக்கார்டிங் போட்டு, எங்க மூச்சு எடுக்கறாங்கன்னு மட்டும் ஒரு வாரம் கேளுங்க.

வளையம்

ஆட்டாதீங்க. தானாப் பேசும்.

ஷஷ்மகோம் உஸ்பெக்கா தாஜிக்கான்னு கேக்கறது

2003ல யுனெஸ்கோ ரெண்டு நாட்டுக்கும் சேர்த்தேதான் அறிவிச்சது. உஸ்பெகிஸ்தான்ல இருக்கிற புகாரா பக்கத்து ஆளுங்க இருக்கிற மேசைல வாயே தொறக்காதீங்க.

6/8

ஒரு சுத்துக்கு ஆறு எண்ணிக்கை வர்ற தாளம். நம்ம ஊர் குத்துப் பாட்ட மறந்துடுங்க.

ஹிந்தி தெரியாதுன்னு சொல்றது

கல்யாணத்துல இந்தியாக்காரன்னு தெரிஞ்சா, ஹிந்திப் பாட்டு பாடச் சொல்லி மைக்கு கைக்கு வந்துடும். நான் தமிழ், சென்னை, ஹிந்தி வராதுன்னு வெளக்கிட்டு நின்னேன், மாப்ளையோட தாத்தா ராஜ் கபூர் பாட்ட முழுசாப் பாடி முடிச்சுட்டு, இப்ப நீன்னாரு.