ஸ்காட்லாந்தின் மரபிசைக் கலைஞர்களைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

ஸ்காட்லாந்தின் மரபிசையைப் புதிதாகக் கேட்க விரும்புவோர் பெரும்பாலும் இசைக்குழுக்களின் பதிவுகளிலிருந்தே தொடங்குகின்றனர். ஃபிடிலும் கித்தாரும் பேக்பைப்பும் சேர்ந்தொலிக்கும் அந்தப் பதிவுகள் இனிமையானவையே. ஆயினும், ஒரு பாட்டு எந்த ஊரில், எந்தத் தொழிலோடு, யாருடைய வாயில் வாழ்ந்தது என்பது அவற்றில் எளிதில் புலப்படுவதில்லை. ஆகவே, பக்கவாத்தியம் இல்லாத தனிக்குரலில் தொடங்கி, அதன்பின் வாத்தியத்துக்கும் குழுவுக்கும் வருவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. இதற்கு இசைக்கல்வி தேவையில்லை. ஒரு ஹெட்ஃபோனும் குறிப்பேடும் போதும்.

படி 1: ஒரே இரவின் பதிவைக் கேளுங்கள்

கவிஞரும் நாட்டார் பாடல்களைத் திரட்டியவருமான ஹேமிஷ் ஹென்டர்சன், 1951ஆம் ஆண்டு எடின்பரோ மக்கள் விழாவில் ஒரு கெய்லி நடத்தினார். பாட்டும் வாத்தியமும் கதையும் கலந்து நடக்கும் கூடுகையைத்தான் ஸ்காட்லாந்தில் கெய்லி என்கிறார்கள். அமெரிக்கரான ஆலன் லோமாக்ஸ் அந்த நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்தார். அபர்தீன்ஷயரைச் சேர்ந்த விவசாயி ஜான் ஸ்ட்ராக்கன், ஊர் ஊராகத் திரிந்து பாடிய ஜிம்மி மக்பெத், பாரா தீவிலிருந்து வந்த ஃப்ளோரா மக்நீல், கேலம் ஜான்ஸ்டன், பதின்வயதே ஆகியிருந்த பேக்பைப் கலைஞர் ஜான் பர்ஜெஸ் ஆகியோர் அன்று ஒரே மேடையில் பங்கேற்றனர். நாட்டின் முக்கியமான மரபுகள் பலவும் ஓரிடத்தில் கிடைப்பதால், தொடங்குவோருக்கு இதைவிடச் சிறந்த வாசல் இல்லை என்று நான் கருதுகிறேன். லோமாக்ஸின் ஸ்காட்லாந்துப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கேட்கக் கிடைக்கின்றன.

முதல் முறை கேட்கும்போது பாடல் வரிகளைத் தேடாதீர்கள். ஒவ்வொரு கலைஞரின் பெயருக்கு எதிரேயும், தாளம் சீராக நடக்கிறதா அல்லது சொல்லின் போக்குக்கேற்ப நீண்டு சுருங்குகிறதா, தனியாகப் பாடுகிறாரா அல்லது மற்றவர்கள் பல்லவியில் சேர்ந்துகொள்கிறார்களா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: இரண்டு மொழிகளைப் பிரித்தறியுங்கள்

ஸ்ட்ராக்கனும் மக்பெத்தும் பாடுவது ஸ்காட்ஸ் மொழி. ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடையதாகையால் சில சொற்கள் உங்களுக்குப் பிடிபடும். வடகிழக்கின் பண்ணைகளில் மணமாகாத கூலியாட்கள் தங்கிய குடில்களுக்கு பாத்தி என்று பெயர். கூலியையும் உணவையும் எஜமானரின் கடுமையையும் பேசும் பாத்திப் பாடல்கள் அந்த வாழ்விலிருந்து வந்தவை.

ஃப்ளோரா மக்நீல் பாடுவது கேலிக். மேற்குத் தீவுகளின் பெண்கள், புதிதாக நெய்த கம்பளித் துணியை நனைத்து, மேசையைச் சுற்றி அமர்ந்து, அது இறுகும்வரை அடித்துக்கொண்டே பாடிய தொழிற்பாடல்கள் இம்மொழியில் ஏராளமாக உள்ளன. ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் பொருளற்ற அசைகளாலான பல்லவியைத் திருப்பிப் பாடுவர். நீங்களும் மேசையைத் தட்டிக்கொண்டு அந்தப் பல்லவியில் சேர்ந்துகொள்ளுங்கள். மொழி தெரியாதவருக்கும் திறந்திருக்கும் இடம் அது. வடக்கு யூயிஸ்ட் தீவைச் சேர்ந்த ஜூலி ஃபௌலிஸ் இன்றும் கேலிக் பாடல்களைப் பாடிவருகிறார். அவரது பதிவுகள் தெளிவானவை என்பதால் அசைகளைப் பிடிப்பது எளிது.

படி 3: ஜீனி ராபர்ட்சனிடம் தங்குங்கள்

இந்தப் படிக்கு மட்டும் நேரத்தைக் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். டிராவலர் எனப்படும் நாடோடிச் சமூகத்தில் பிறந்த ஜீனி ராபர்ட்சன் (1908–1975) அபர்தீனில் வாழ்ந்துவந்தார். ஹென்டர்சன் 1953இல் அவரைத் தேடிச் சென்று சந்தித்த பின்னரே அவரது குரல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. பிறரால் இழிவாக நடத்தப்பட்ட அந்தச் சமூகம்தான், மற்ற இடங்களில் மங்கிப்போன பழைய கதைப்பாடல்களை நினைவில் சுமந்து காத்தது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு அவரைக் கேட்க வேண்டும்.

அவர் பாடிய ‘சன் டேவிட்’ என்ற கதைப்பாடலில் தொடங்கலாம். வாளில் படிந்த குருதி யாருடையது என்று தாய் மகனைக் கேட்கிறாள். மகன் விலங்குகளின் குருதி என்று மழுப்புகிறான். தாய் நம்ப மறுக்க மறுக்க, இறுதியில் அது தன் சகோதரனுடையது என்று ஒப்புக்கொள்கிறான். கதை முழுவதும் கேள்வியும் பதிலுமாகவே நகர்கிறது; வர்ணனைக்கு அதில் இடமே இல்லை. ஜீனி கனத்த குரலில், அவசரமின்றி, ஒவ்வோர் அடிக்கும் முழு இடம் கொடுத்துப் பாடுவதைக் கவனியுங்கள்.

அடுத்து அவருடைய மகள் லிசி ஹிக்கின்ஸைக் (1929–1993) கேளுங்கள். லிசியின் தந்தை டொனால்ட் ஹிக்கின்ஸ் பேக்பைப் வாசித்தவர். பேக்பைப்பில் காற்று இடைவிடாது பாய்வதால் ஒரே சுரத்தை நிறுத்தி மீண்டும் வாசிக்க இயலாது. அதனால் கலைஞர்கள் சுரங்களுக்கு இடையே மிகச் சிறிய அணிச்சுரங்களைச் செருகிப் பிரிக்கின்றனர். அந்த அணிகளை லிசி தன் குரலுக்குக் கொண்டுவந்தார். முதலில் ஜான் பர்ஜெஸின் வாசிப்பையும் உடனே லிசியின் பாட்டையும் கேட்டால், தாயிடமிருந்து பெற்ற பாட்டில் தந்தையின் வாத்தியம் எங்கே நுழைகிறது என்பது காதுக்குத் தெரியும்.

படி 4: நடன மெட்டுகளின் தாளத்தைப் பிடியுங்கள்

ரீல் வகை மெட்டுக்கு ‘தகதிமி தகதிமி’ என்றும், ஜிக் வகைக்கு ‘தகிட தகிட’ என்றும் சொல்லிப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதுவே அம்மெட்டின் வகை. ஸ்ட்ராத்ஸ்பே எனப்படும் மூன்றாம் வகை ரீலைவிட நிதானமானது; குறிலைத் தொடர்ந்து நெடில் வெட்டி விழும் நடை அதன் அடையாளம். ஃபிடிலுக்கு, ஷெட்லாந்துத் தீவுகளின் லெர்விக் நகரில் 1946இல் பிறந்த அலி பெய்னைப் பரிந்துரைக்கிறேன்; அவருடைய ஆசிரியரான டாம் ஆண்டர்சன், தீவின் மெட்டுகள் அழிந்துவிடாமல் திரட்டி, இளையோருக்குக் கற்பித்தவர்.

படி 5: இப்போது குழுக்களுக்கு வாருங்கள்

1969இல் கிளாஸ்கோவில் தொடங்கிய பேட்டில்ஃபீல்ட் பேண்ட், கேலிக் பாடல்களைப் புதிய இசையமைப்புடன் வழங்கிய கேப்பர்கேலி, கித்தாரோடு தனித்துப் பாடிய டிக் கோகன் ஆகியோரை இந்நிலையில் கேட்டால், எதை மரபிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், எதைத் தாங்களே சேர்த்தார்கள் என்பதை நீங்களே பிரித்தறிவீர்கள்.

இந்தக் கலைஞர்களிடம் ஓர் அருமையான வழக்கம் உண்டு: ஒரு பாட்டை யாரிடமிருந்து பெற்றோம் என்பதை மேடையிலோ இசைத்தட்டின் குறிப்பிலோ சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, ‘டோபர் அன் டூவல்ஹிஷ்’ என்னும் இலவச இணையக் காப்பகத்தில் தேடுங்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951இல் தொடங்கப்பட்ட ஸ்காட்லாந்து ஆய்வுப் பள்ளியின் களப்பதிவுகள் ஆயிரக்கணக்கில் அங்கே உள்ளன. பாடியவர் பெயராலும் ஊராலும் தேடலாம். ஒரே பாட்டு இருவர் வாயில் வெவ்வேறு சொற்களோடு கிடைத்தால், எது சரியானது என்று தீர்ப்புச் சொல்ல முனையாமல், இரண்டையும் ஊர்ப்பெயரோடு உங்கள் குறிப்பேட்டில் அடுத்தடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.