பிள்ளை பெற்ற பின் முதல் முடிவெட்டு

பிரசவமாகி 3, 4 மாதத்தில் சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வரும். பயப்படாதீர்கள். கர்ப்பத்தில் உதிராமல் நின்றதுதான் இப்போது சேர்ந்து உதிர்கிறது. பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயதாவதற்குள் சரியாகிவிடும். அதுவரை கொஞ்சம் குட்டையாக வெட்டிக்கொண்டால் அவ்வளவு நிம்மதி.

சேலத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு பார்லருக்குப் போனேன். வார நாள், காலை 11 மணி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் காத்திருந்தால் பால் கட்டிக்கொள்ளும். பாப்பாவுக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

‘நெற்றியோரம் முடி குறைஞ்சிருக்கு’ என்று வெட்டுகிறவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தோளைத் தொடும் நீளம் போதும். ரப்பர் பேண்டில் அடங்க வேண்டும். அதைவிடக் குட்டையானால் குனியும்போதெல்லாம் முகத்தில் விழும். முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்யலாமா என்பார்கள். அதற்குப் போடும் சில க்ரீம்களில் ஃபார்மால்டிஹைடு என்ற கெடுதலான ரசாயன ஆவி வரும், இப்போது வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அப்புறம், தினமும் பாப்பாவின் சாக்ஸைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். என் மகளின் சுண்டுவிரலில் என் முடி ஒன்று சுற்றி இறுகி, விரலே சிவந்திருந்தது. வீங்கியிருந்தாலோ முடியை எடுக்க வராவிட்டாலோ உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.