1:32 வயலில் தண்ணீர் நிறுத்தியது

டிராக்டர் மாடல் 1:32 அளவு, அதாவது நிஜத்தில் 32-ல் ஒரு பங்கு. அதே அளவில் சேற்றுழவு நடக்கும் நெல் வயல் ஒன்று செய்துகொண்டிருந்தேன். தொல்லை கொடுத்தது தண்ணீர்தான். சலித்த மண்ணை ஃபெவிகாலில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தண்ணீருக்காக எபாக்ஸி ரெசின் (கண்ணாடி போல இறுகும் பிசின்) ஊற்றினால் குமிழிகள் கிளம்பின. ஊசியால் குத்தினாலும் ஹேர் டிரையர் காட்டினாலும் மறுபடி வந்தன.

கலக்கும்போது புகுந்த காற்று என்றால் ஒருமுறை எழும்பி அடங்கிவிடும். இது அடங்கவில்லை. அப்படியானால் காற்று மண்ணுக்குள்ளிருந்துதான் வருகிறது. இறுகிய ரெசினைப் பெயர்த்தெடுத்தேன் (பாதி வரப்பும் கூடவே வந்தது, சரி). தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மண் முழுக்க இரண்டு முறை பூசி, நன்றாகக் காயவிட்டேன். ஈரம் மிச்சமிருந்தால் ரெசின் மங்கிவிடும். அப்புறம் மெல்லிசாக ஒரே ஊற்று. வயலில் நிற்கும் தண்ணீரே 5 செ.மீ.தான், 32-ஆல் வகுத்தால் சுமார் ஒன்றரை மி.மீ. அதற்கு மேல் எதற்கு? குமிழி ஒன்றுகூட எழவில்லை.

ரெசின் ஊற்றுவதற்கு முன்பே டிராக்டரைச் சேற்றில் அழுத்தி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி மேல் நிற்பதாகத் தெரியும். சேற்றுழவுக்கு வெறும் ரப்பர் டயர் பொருந்தாது. செம்புக் கம்பியை வளைத்து, பற்றவைத்து, பின் சக்கரங்களுக்குக் கேஜ் வீல் (சேற்றுக்கான கூண்டுச் சக்கரம்) செய்து மாட்டினேன். எனக்குப் பிடித்த பகுதியே அதுதான்.

நாற்றுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிய தேங்காய் நார். இயந்திர நடவில் வரிசை இடைவெளி 30 செ.மீ. என்பதால், இங்கே 9 மி.மீ.