கையை எடுக்காமல் டயப்பர் மாற்றுவது எப்படி?

குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். டயப்பர் மாற்றும் மேசையிலிருந்து விழுந்த கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெற்றோர் கிட்டத்தட்ட எல்லோருமே ஒன்றைத்தான் சொல்வார்கள்: "சும்மா இந்தப் பக்கம் திரும்பினேன் சிஸ்டர், அதுக்குள்ள விழுந்துட்டான்." அவர்கள் பொய் சொல்வதில்லை. அலட்சியமானவர்களும் இல்லை. வைப்ஸ் பாக்கெட் எட்டாத இடத்தில் இருந்திருக்கும், அல்லது மாற்றுச் சட்டை அலமாரியில் இருந்திருக்கும். அவ்வளவுதான். அதனால் குழந்தையோடு வீட்டுக்குக் கிளம்பும் அம்மா அப்பாவிடம் வெறுமனே "கவனமா இருங்க" என்று சொல்வதை விட்டுவிட்டேன். ராத்திரி முழுக்கத் தூங்காத மனிதரிடம் கவனம் எத்தனை நேரம் நிற்கும்? நகர வேண்டிய தேவையே வராதபடி முதலில் இடத்தை அமைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

"இன்னும் குப்புற விழவே ஆரம்பிக்கலையே, அதுவரைக்கும் பயமில்லை" என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் நான்காவது மாதத்தை ஒட்டித்தான் புரளத் தொடங்கும் என்பது சரி. ஆனால் கீழே விழுவதற்குப் புரளத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிறந்து சில வாரமே ஆன குழந்தையும் அழும்போது குதிகாலை ஊன்றி உந்தும். ஒவ்வொரு உந்தலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைப்பக்கம் நகரும். ஈரமான வைப்ஸ் பட்டதும் திடுக்கிட்டுக் கைகளை விரிக்கும், முதுகை வில்லாக வளைக்கும். அப்புறம், முதல் தடவை புரளும் நாளைக் குழந்தை முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை. நேற்று வரை அசையாமல் கிடந்தது என்பது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் தலை மட்டுமே கால் பங்கு. அந்தக் கனத்தால் விழும்போது பெரும்பாலும் தலைதான் முதலில் தரையில் மோதும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தை தலையில் அடிபட்டு வந்தால், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்று டாக்டர் கட்டாயம் கேட்பார். 0.9 மீட்டருக்கு மேல் என்றால் அது கடுமையான விழுதல் என்ற கணக்கில் சேரும். நாம் குனியாமல், முதுகு வலிக்காமல் டயப்பர் மாற்ற வசதியான மேசையின் உயரமும் ஏறக்குறைய அதேதான். நமக்கு வசதியான உயரம்தான் குழந்தைக்கு ஆபத்தான உயரம்.

மேசை

நாலு பக்கமும் தடுப்பு இருக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் சொல்லும் அளவு 2 அங்குலம், அதாவது சுமார் 5 சென்டிமீட்டர். படுக்கவைக்கும் பரப்பு நடுவில் சற்றுப் பள்ளமாகவும் ஓரங்களில் மேடாகவும் இருப்பது நல்லது. மூன்று பக்கம் தடுப்பு வைத்து, நாம் நிற்கும் பக்கத்தைத் திறந்துவிட்ட மேசைகளும் உண்டு. "முன்னாடிதான் நாம நிக்கிறோமே" என்பார்கள். நாம் விலகிய அந்த ஒரு நொடியில் குழந்தை விழுவதும் அந்தத் திறந்த பக்கமாகத்தான். ஆகவே அதை வாங்காதீர்கள்.

புதிதாக வாங்கினால் தரக் குறியீட்டைப் பாருங்கள். ஐரோப்பியத் தரம் ஈ.என். 12221. அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 2388 என்ற தரத்தை அடிப்படையாக வைத்து 2018இல் கட்டாய விதியே கொண்டுவந்தார்கள். எவ்வளவு எடை தாங்கும் என்பதும் மேசையிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். அதை ஒரு தடவை படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். குழந்தை மாதாமாதம் எடை கூடிக்கொண்டே போகும்.

யாரோ பயன்படுத்திய மேசை கைக்கு வந்தால், முதல் வேலையாக இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஸ்க்ரூவை எல்லாம் இறுக்குங்கள், இறுக்கியும் ஆடினால் வேண்டாம். பெல்ட்டின் கொக்கி உடைந்திருக்கிறதா, மடக்கு மேசையானால் பூட்டு சரியாக விழுகிறதா, சக்கரம் இருந்தால் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இழுப்பறை அலமாரியின் மேலேயே மெத்தையைப் போட்டு மாற்றுபவர்கள் நிறையப் பேர். செய்யலாம். ஆனால் மெத்தையை அலமாரியோடு ஸ்க்ரூ போட்டு இணைக்க வேண்டும், வெறுமனே வைத்தால் குழந்தையோடு சேர்ந்து வழுக்கிவிடும். அலமாரியைச் சுவரோடு பிணைப்பதும் அவசியம். மேலே குழந்தையின் கனம் இருக்கும்போது கீழே இரண்டு இழுப்பறையைத் திறந்தால் மொத்த பாரமும் முன்னால் சாயும். மூத்த குழந்தை திறந்த இழுப்பறையில் காலை வைத்து ஏறினால் கேட்கவே வேண்டாம்.

ஜன்னல் ஓரத்தில் மேசையைப் போடாதீர்கள். திரைச்சீலையின் கயிறு குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். ஹீட்டர், மின்சார வயர் பக்கமும் வேண்டாம். ஒரு சுவர் மூலை கிடைத்தால் இரண்டு பக்கம் தானாகவே அடைபட்டுவிடும்.

எட்டும் தூரம்

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். குழந்தையைப் படுக்கவைக்கும் முன்பே, மேசை காலியாக இருக்கும்போது, ஒரு ஒத்திகை பாருங்கள். இடது கையை மெத்தையின் நடுவில், குழந்தையின் வயிறு வரும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கையை எடுக்காமல் வலது கையால் புது டயப்பர், வைப்ஸ், க்ரீம், மாற்று உடை, துணி, குப்பைக்கூடை எல்லாவற்றையும் தொட முடிகிறதா? எது எட்டவில்லையோ அதற்காகத்தான் ஒருநாள் நீங்கள் திரும்புவீர்கள். இப்போதே இடம் மாற்றிவிடுங்கள். டயப்பர் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். பழையதைக் கழற்றியதும் புதியதை நனைப்பது குழந்தைகளின் வழக்கம். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருவர் மாற்றி மாற்றிச் செய்வதாக இருந்தால் இருவரும் தனித்தனியாக ஒத்திகை பாருங்கள், கையின் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

நமக்கு எட்ட வேண்டும், குழந்தைக்கு எட்டக் கூடாது. க்ரீம் மூடி, ஊக்கு, பிளாஸ்டிக் உறை, பட்டன் பேட்டரி எதுவும் மெத்தையருகே வேண்டாம். பவுடரைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்: வைக்கவே வைக்காதீர்கள். டால்கம் ஆகட்டும், மாவுப் பவுடர் ஆகட்டும், காற்றில் பறக்கும் தூளைக் குழந்தை மூச்சோடு இழுத்தால் நுரையீரல் பாதிக்கும். தோல் காய்ந்திருந்தாலே போதும். சிவந்திருந்தால் ஜிங்க் ஆக்ஸைடு க்ரீம் தடவுங்கள்.

மாற்றும்போது

கையைக் கழுவிவிட்டு வாருங்கள். படுக்கவைத்ததும் பெல்ட்டைப் போடுங்கள். தொப்புள்கொடி விழாத குழந்தை என்றால் பெல்ட் அதன் மேல் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை நான் முழுதாக நம்புவதில்லை. மாட்டிவிட்ட நிம்மதியில் கையை எடுத்துவிடுகிறோம், திமிறும் குழந்தை அதற்கடியில் நழுவிவிடுகிறது. பெல்ட் போட்டாலும் கை குழந்தை மேலேயே இருக்கட்டும்.

கை என்றால் அழுத்திப் பிடிப்பது அல்ல. உள்ளங்கையை வயிற்றின் மேல் லேசாக வைத்தால் போதும். குழந்தை முதுகை வளைக்கவோ திரும்பவோ ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். துடைப்பதற்காகக் காலைத் தூக்கும்போது, என் ஆள்காட்டி விரலை இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவில் கொடுத்துப் பிடிப்பேன். எலும்போடு எலும்பு உரசாது, பிடியும் நழுவாது. இடுப்பு சற்றே உயர்ந்தால் போதும். பால் குடித்த கையோடு காலை உயரத் தூக்கினால் கக்கிவிடும், அப்போது மெல்ல ஒருக்களித்துத் துடையுங்கள். பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னிருந்து பின்பக்கமாகத் துடைக்க வேண்டும், மலக் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகக் கூடாது. தொப்புள்கொடி இருக்கும் வரை டயப்பரின் முன்மடிப்பை அதற்குக் கீழே மடித்துவிடுங்கள். க்ரீம் தடவிய கை வழுக்கும், துடைத்துவிட்டுத் தூக்குங்கள்.

நடுவில் போன் அடிக்கும், அழைப்பு மணி அடிக்கும், மூத்தவன் பக்கத்து அறையிலிருந்து அழுவான். இரண்டே வழி. காத்திருக்க விடுங்கள், இல்லையென்றால் டயப்பர் பாதியில் தொங்கினாலும் பரவாயில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். தரை அழுக்கானால் துடைத்துக்கொள்ளலாம். குழந்தை அங்கேயே தூங்கிப்போனாலும் அப்படியே விடாதீர்கள், அந்த மெத்தை தூங்குவதற்குச் செய்ததல்ல.

ராத்திரி இரண்டு மணிக்குக் கண் சொருகும் நேரத்தில் மேசையையே மறந்துவிடுங்கள். தரையில் ஒரு விரிப்பைப் போட்டு உட்கார்ந்து மாற்றுங்கள். தரையிலிருந்து யாரும் விழ முடியாது. மேசை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்படும் பெற்றோரிடமும் இதையேதான் சொல்வேன்: உங்களிடம் இருப்பதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான இடம். கட்டிலையும் சோபாவையும் நம்பாதீர்கள், அவற்றுக்கு ஓரத்தில் தடுப்பு கிடையாது.

பொதுக் கழிப்பறையில் சுவரோடு மடக்கி வைத்திருக்கும் மேசையைத் திறந்ததும் கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். கீல் தாங்கினால் துடைத்துவிட்டு, சொந்த விரிப்பைப் போட்டுப் படுக்கவையுங்கள். பையை அதன் ஓரத்தில் மாட்டாதீர்கள், தோளிலேயே இருக்கட்டும். கை கழுவும் மேடை இதற்கான இடமல்ல.

குழந்தை புரண்டு, உட்கார்ந்து, தடுப்பைப் பிடித்து எழப் பார்க்கும் காலம் வந்ததும் மேசைக்கு விடை கொடுத்துவிடலாம். எடை வரம்பு மிச்சமிருக்கிறதே என்று தொடர வேண்டாம்.

விழுந்துவிட்டால்

குலுக்காதீர்கள். மூச்சு இருக்கிறதா, விழித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மயக்கம், வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், நிற்காத அழுகை, காதிலோ மூக்கிலோ நீரோ ரத்தமோ வடிவது, உச்சிக்குழி புடைத்திருப்பது, கண்மணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பது, கை கால் ஒரு பக்கம் அசையாதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தலையின் பக்கவாட்டிலோ பின்புறமோ மெத்தென்று வீக்கம் தெரிந்தாலும் உடனே போங்கள், உள்ளே எலும்பு விரிசல் விட்டிருக்கலாம்.

எதுவும் இல்லை, அழுது ஓய்ந்து சிரிக்கிறது என்றாலும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள். மேசை உயரத்திலிருந்து விழுந்த எந்தக் கைக்குழந்தைக்கும் நான் அதையேதான் சொல்வேன். டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பினால் ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து கவனியுங்கள். களைத்துத் தூங்கினால் தூங்கட்டும், இடையிடையே எழுப்பினால் வழக்கம்போல் விழிக்கிறதா, பால் குடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வரும்போது சில விவரங்களைச் சொல்லத் தயாராக இருங்கள்: எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம், கீழே வெறும் தரையா விரிப்பா, எந்தப் பக்கம் அடிபட்டது, விழுந்ததும் அழுததா. குற்ற உணர்ச்சியில் சிலர் உயரத்தைக் குறைத்துச் சொல்கிறார்கள், தொட்டிலிலிருந்து என்கிறார்கள். திட்டுவதற்காக நாங்கள் கேட்கவில்லை. ஸ்கேன் எடுக்க வேண்டுமா, சில மணி நேரம் வைத்துப் பார்த்தால் போதுமா என்று டாக்டர் முடிவெடுப்பதற்கு அந்த விவரம் உள்ளபடியே வேண்டும்.