லைக்கை வாக்காக எண்ணலாமா? மலையக அரசியலைச் சமூக ஊடகம் வழியே ஆராய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் ஒன்று முடிந்தால் போதும், இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ஒரே சாயல் கொண்ட ஆய்வுத் தலைப்புகள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். "மலையக இளைஞரின் அரசியல் நிலைப்பாட்டில் சமூக ஊடகங்களின் தாக்கம்" என்பது அவற்றில் முதன்மையானது. மலையகத்தவர் என்போர் தோட்டங்களில் வேலைசெய்ய இந்தியாவிலிருந்து வந்த தமிழரின் வழிவந்தவர்கள். தலைப்பில் குறையில்லை. 2018 ஒக்டோபரில் தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டுக் கறுப்பு உடையோடு கொழும்புக் காலிமுகத்திடலில் திரண்ட இளைஞர்களுக்கு அழைப்புப் பெரும்பாலும் முகநூல் வழியாகவே போனது. ஆராய்வதற்கு நிறையவே இருக்கிறது. ஆனால் ஆராயும் விதத்தில் ஒரே சறுக்கல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

எழுதுகிறவர்களை எண்ணிவிட்டு, வாக்களிக்கிறவர்களை எண்ணிவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் பெரிய சறுக்கல். இது முகநூலோடு பிறந்ததும் இல்லை. 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் சஞ்சிகை சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன்தான் ஜனாதிபதி என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட், அதுவும் சுமார் 61 வீத வாக்குகளோடு. சஞ்சிகை முகவரிகளைத் திரட்டியது தொலைபேசி விபரக்கொத்திலிருந்தும் கார் பதிவுகளிலிருந்தும். பொருளாதார மந்தத்தின் நடுவில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்பதை யாரும் கேட்கவில்லை. சீட்டைத் திருப்பி அனுப்பாதவர்களைப் பற்றியும் கேட்கவில்லை. அதைவிட எவ்வளவோ சிறிய மாதிரியை வைத்து கருத்துக்கணிப்பாளர் ஜோர்ஜ் கலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். ஆகவே, "இருபதாயிரம் பின்னூட்டங்களைப் பகுப்பாய்வு செய்தோம்" என்ற வரி எனக்கு எந்த நம்பிக்கையையும் தருவதில்லை. அந்த இருபதாயிரத்துக்குள் வராதவர் யார் என்பதே என் முதல் கேள்வி.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து பாருங்கள். ஒரு காம்பராவில், அதாவது ஒரு குடும்பத்தின் அறையில், நல்ல போன் ஒன்று இருக்கிறது என்றால், அது அநேகமாக மகனின் கையில் இருக்கும். அந்த மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறவராக இருக்கலாம். முகநூலில் ஊர் என்ற இடத்தில் ஹட்டன் என்று போட்டிருப்பார், வாக்களிக்க மட்டும் பஸ் ஏறி வருவார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போய் மாலையில் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும் அம்மாவின் பெயரில் கணக்கு இருக்காது. இருந்தாலும் படத்தில் பூவோ நடிகையோதான் இருக்கும். கணக்கைப் பார்த்து ஆண், பெண், வயது, தோட்டம் என்று பிரித்து அட்டவணை போடுகிறவர்கள் எதை வைத்துப் பிரித்தார்கள் என்று ஆய்வேட்டில் சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை.

இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். அதே அம்மாவிடம் வினாக்கொத்தை நீட்டி, "சமூக ஊடகம் பாவிக்கிறீர்களா?" என்று கேட்டு, "இல்லை" என்ற பதிலுக்கு எதிரே "தாக்கமற்றவர்" என்று குறித்துக்கொண்டு போவதும் தவறுதான். சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டும் கூட்டாளிகளும் 1940இல் ஒஹாயோவின் ஈரி மாவட்டத்தில் வாக்காளரைப் பின்தொடர்ந்தபோது, வானொலியும் பத்திரிகையும் பலரை நேரே எட்டவில்லை, இடையில் நாலு விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தார் என்று கண்டார்கள். தோட்டத்தில் இது இன்னும் வெளிப்படை. மகன் பார்த்த டிக்டொக் காணொளி இரவு வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் ஒலிக்கிறது, மறுநாள் மலையில் கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே விவாதமாகிறது, ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாக் கூட்டத்தில் வேறு வடிவம் எடுக்கிறது. அம்மா கணக்கு வைத்திருக்கவில்லை, ஆனால் செய்தி அவரிடம் வந்துவிட்டது. "யார் சொல்லிக் கேள்விப்பட்டீர்கள்?" என்ற ஒரே கேள்வியைச் சேர்த்தாலே இந்த வழி பிடிபடும்.

அடுத்தது, யாரைப் பற்றி எழுதுகிறோம் என்ற குழப்பம். மலையகத் தமிழர், நுவரெலியா மாவட்டம், தோட்டத்துறை ஆகிய மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்துவதில்லை. குடிசன மதிப்பீட்டில் தோட்டத்துறை என்பது 20 ஏக்கருக்குக் குறையாத, குறைந்தது 10 தொழிலாளர் தங்கி வேலைசெய்யும் பெருந்தோட்டங்களைக் குறிக்கிறது. அங்கே சிங்களக் குடும்பங்களும் வாழ்கின்றன. மலையகத் தமிழரோ பதுளையில், கண்டியில், மாத்தளையில், இறக்குவானையில், தெனியாயவில், கொழும்பில் எல்லாம் இருக்கிறார்கள். 2012 மதிப்பீட்டில் "இந்தியத் தமிழர்" என்று பதிவானவர்கள் சுமார் 8 இலட்சத்து 40 ஆயிரம் பேர். "இலங்கைத் தமிழர்" என்று பதிந்துகொண்ட மலையகத்தவர் அந்தக் கணக்கில் இல்லை. தம் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டத்தையும் அதன் பின் இந்தியாவோடு செய்யப்பட்ட ஒப்பந்தங்களையும் கடந்து வந்த மக்கள் ஒரு படிவத்தில் எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுகிறார்கள் என்பதே தனி அரசியல். அதை எளிதான ஆய்வு மாறியாக (variable) எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2024ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர் சஜித் பிரேமதாச. மலையகத்தின் இரு பெரிய அணிகளில் தமிழ் முற்போக்குக் கூட்டணி அவர் பக்கம் நின்றது, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணில் விக்கிரமசிங்கவின் பக்கம் நின்றது. நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அதே மாவட்டத்தில், நாடளாவிய முடிவில் வென்று ஜனாதிபதியாகியிருந்த அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி முதலிடத்துக்கு வந்து 8 ஆசனங்களில் 5ஐப் பெற்றது. இடையில் இரண்டு மாதமும் இல்லை. "டிக்டொக் மலையகத்தை மாற்றியது" என்று எழுதக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். நாடு முழுவதும் வாக்களிப்பு சுமார் 79 வீதத்திலிருந்து 69 வீதத்துக்கு விழுந்திருந்தது. அப்படியானால் மனம் மாறியவர்களைப் பார்க்கிறோமா, வீட்டில் இருந்துவிட்டவர்களால் மாறிய விகிதத்தைப் பார்க்கிறோமா? புதிய ஜனாதிபதி பதவிக்கு வந்துவிட்ட பின், வெல்லும் பக்கம் சாய்ந்தவர்கள் எத்தனை பேர்? மாவட்டத்தில் வலப்பனை, ஹங்குராங்கெத்த போன்ற சிங்களப் பெரும்பான்மைத் தொகுதிகளும் உண்டே, அவற்றின் பங்கு என்ன? மாவட்ட முடிவிலிருந்து ஒரு லயத்து வாக்காளரின் மனதை ஊகிக்க முடியாது. தொகுதிவாரி முடிவுகளை எடுத்துப் பார்ப்பது ஒரு படி நல்லது, ஆனால் அதுவும் தனிமனிதரின் தெரிவைச் சொல்லாது. டிக்டொக்கின் பங்கு சுழியம் என்று நான் சொல்லவில்லை. அதைக் காட்ட வேண்டுமானால் தேர்தலுக்கு முன்பும் பின்பும் ஒரே ஆட்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

தரவு திரட்டுவதிலும் ஒரு கண் வேண்டும். பதிவுகளைத் தேட ஆய்வாளர்கள் நம்பியிருந்த கிரவுட்டாங்கிள் என்ற கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஓகஸ்ட் 14 அன்று, நம் ஜனாதிபதித் தேர்தலுக்கு ஐந்து வாரம் முன்பு, மூடிவிட்டது. அந்தத் தேர்தலின் முகநூல் பதிவுகளை "முழுமையாக" எடுத்ததாகச் சொல்லும் ஆய்வேடு எப்படி எடுத்தது என்று விளக்க வேண்டும். தமிழ் எழுத்தில் மட்டும் தேடினால் ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டும் இளைஞர்கள் வலையில் விழமாட்டார்கள். எதிர்மாறாக, "தமிழ்" என்று மட்டும் வடிகட்டினால் தமிழ்நாட்டு அரசியல் வெள்ளமாக உள்ளே வந்துவிடும். பதிவுகளை ஆதரவு, எதிர்ப்பு என்று தானாகப் பிரிக்கும் கருவிகளும் அப்படித்தான். அவற்றுக்குப் பயிற்சியளிக்கப் பரவலாகப் பயன்படும் தொகுப்புகளில் ஒன்று, தமிழ்ப் பட முன்னோட்டங்களுக்கு யூடியூபில் விழுந்த பின்னூட்டங்களைக் கொண்டது. தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணியைப் பற்றிய மலையக நக்கல் அதற்கு எப்படிப் புரியும்? முந்நூறு பதிவுகளையாவது கையால் குறித்து, இன்னொருவரையும் குறிக்க வைத்து, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

காலக்கோட்டில் பதிவுகள் திடீரெனக் குறைந்தால் அமைதி நிலவியது என்று எழுதிவிடாதீர்கள். 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான திகன வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்பும், 2022 ஏப்ரல் தொடக்கத்திலும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. அந்த நாட்களில் எழுதியவர்கள் முடக்கத்தைத் தாண்ட விபிஎன் போடத் தெரிந்தவர்கள்.

களத்துக்குப் போகும்போது தோட்டத் தொழிற்சங்கத் தலைவரின் துணையோடு லயத்துக்குள் நுழைவது வசதிதான். ஆனால் சந்தா வாங்கும் சங்கத்தின் தலைவர் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும்போது சங்கத்தைப் பற்றி என்ன பதில் வரும்? தான் சிறுபான்மை என்று உணர்கிறவர் வாய் திறக்கமாட்டார் என்று ஜேர்மன் ஆய்வாளர் நோயல்-நொய்மான் 1974இல் எழுதியது இங்கே கண்முன் நடக்கும். பகலில் போனால் வயதானவர்களும் வேலையற்றவர்களும்தான் அகப்படுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வியையும் மலையகத்துக்கு ஏற்றபடி உடைத்துக் கேளுங்கள். "ஆயிரம் ரூபா கிடைத்ததா?" என்பது கேள்வியே ஆகாது. 2021இல் தீர்மானிக்கப்பட்ட தொகை 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா கொடுப்பனவும் சேர்ந்தது. எத்தனை கிலோ பறித்தால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதைக் கேட்காமல் கிடைக்கும் "ஆம்", "இல்லை" இரண்டுக்கும் பெறுமதி இல்லை.

கடைசியாக ஆட்களின் பாதுகாப்பு. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். "தலவாக்கலைப் பகுதித் தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவில், சங்கத் தலைவியாக இருக்கும் 40 வயதுப் பெண்" என்று எழுதினால் அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் யாரென்று தெரியும், தோட்ட முகாமையாளரான துரைக்கும் தெரியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசியல் கருத்துகளைத் தனிக் கவனம் வேண்டும் தரவாகப் பார்க்கிறது. உறவினர் சேர்த்துவிட்ட வட்ஸ்அப் குழுவில் ஓசைப்படாமல் இருந்துகொண்டு உரையாடல்களை எடுப்பது சம்மதம் ஆகாது. அப்படியொரு திரைப்பிடிப்பைப் பின்னிணைப்பில் வைத்திருந்தால், ஆய்வேடு நூலகத்துக்குப் போகும் முன் அதை எடுத்துவிடுங்கள்.